இருபத்தேழாம் நம்பர் குழாய்

அத்தியாயம் 6

“ஒரு வாட்டர் சர்வீஸ்காரன் ஒருநாள் விட்டு ஒருநாள் கடையை அடைப்பானாடா?”

மீனலோசனி அக்கா இப்படிக் கேட்டபோது என் வாயில் பாதி உளுந்தவடை இருந்தது. அதை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னேன்.

“ரெண்டு சம்சாரமா இருக்கும்க்கா. முறை வச்சுப் போறாரு போல.”

“திங்கிற வாய்க்கு வேற வேலை குடுக்காத. எதிர்ல பாரு.”

எதிரே நாலு வழிச்சாலை. அதற்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ‘பாண்டியராஜன் வாட்டர் சர்வீஸ்’. திங்கட்கிழமை திறந்திருந்தது. நேற்று செவ்வாய், இழுத்துப் பூட்டு. இன்று புதன், காலை ஏழு மணிக்கே இரண்டு வேனும் ஒரு டிராக்டரும் குளிக்க வரிசையில் நின்றன. நாங்கள் உட்கார்ந்திருந்த டீக்கடைத் தூணில் பேரூராட்சி ஒட்டிய நோட்டீஸை அக்கா விரலால் தட்டிக் காட்டினார். ‘ஒன்பதாவது வார்டு, வடக்கூர். குடிநீர் விநியோகம்: திங்கள், புதன், வெள்ளி.’

“ஆத்தாடி! குடிக்கிற தண்ணியிலயா டிராக்டரைக் குளிப்பாட்டுறான்?”

“இந்தப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் வருது. பின்ன எங்கேருந்து வரும்?”

இந்த இடத்தில் வந்து சேர்கிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நான் சூரியபிரகாஷ். கோரிப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், மாப்பிள்ளை குடிப்பானா மாட்டானா என்று விசாரித்துச் சொல்லும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். நிலையமும் மூளையும் மீனலோசனி அக்காவுடையவை, வாய் மட்டும் என்னுடையது. பேரையூரைத் தாண்டி இருக்கும் இந்த மஞ்சக்கரைப்பட்டி பேரூராட்சிக்கு எங்களை அழைத்து வந்தவர் சோணைமுத்து. அவர் மனைவி மாயக்காள் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர். வடக்கூரில் தொண்ணூறு வீடுகள். முதல் கட்டத்தில் ஐம்பது வீட்டுக்கு மட்டும் குழாய் வந்தது. மிச்ச நாற்பது வீட்டுப் பெண்கள் இன்றும் சாலையைத் தாண்டி, தெற்கே இருக்கும் பொதுக்குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். மாயக்காளும் அவர்களோடு போய்த்தான் தண்ணீர் பிடித்தார். ஆவணி மாதம் ஒரு காலையில், இரண்டு குடத்தோடு திரும்பும்போது லாரி அடித்து அதே இடத்தில் இறந்துபோனார்.

முப்பதாம் நாள் காரியத்தன்று வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. இருபத்தேழாம் நம்பர் குழாய்க்குக் கட்டணம் பாக்கியாம். அந்த வீட்டில் குழாயே கிடையாது.

“லாரிக்காரன் அடிச்சான், சரி. அவளை ரோட்டுல எறக்கிவிட்டவன் யாரு? அவனை எனக்குக் காட்டுங்க தாயி” என்று சோணைமுத்து அந்த நோட்டீஸை அக்காவிடம் நீட்டினார். ஒரு ஜோக் சொல்லி ஆளைத் தேற்றுவது என் வழக்கம். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

வெறுங்கையோடு அந்தச் சாலையைக் கடக்க எங்களுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. இரண்டு தடவை பாதியில் திரும்பி ஓடி வந்தோம்.

தகரக் கொட்டகைக்குப் பின்னால் தரையிலிருந்து ஒரு நீலக் குழாய் எழும்பி நின்றது. கழுத்தில் மஞ்சள் பெயிண்டில் 27 என்று எழுதியிருந்தது. வடக்கூர்த் தெருக்களில் மற்ற நாற்பத்தொன்பதையும் நேற்று நான் நடந்தே எண்ணியிருந்தேன். முதல் தண்ணீர் வந்த அன்று பெண்கள் வைத்த மஞ்சளும் குங்குமமும் ஒவ்வொன்றிலும் கறையாக ஒட்டியிருந்தன. இதற்கு மட்டும் யாரும் பொட்டு வைக்கவில்லை. கிரீஸ்தான் அப்பியிருந்தது.

“யாரு நீங்க? அங்க என்ன பாக்குறீக?” கடைக்காரர் பாண்டியராஜன் பனியனோடு ஓடி வந்தார்.

“குழாய் நல்லாருக்கு. யாரு குடுத்தது?” என்றார் அக்கா, புடவைக்கடையில் விலை கேட்பது போல.

“எங்க மச்சான் வாங்கிக் குடுத்தாரு. பேரூராட்சித் துணைத்தலைவர். எல்லாம் பேப்பர்ல இருக்கு. ஒம்பதாவது வார்டு கவுன்சிலரம்மாவே ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கு. சந்தேகம்னா ஆபீஸ்ல போய்ப் பாத்துக்கங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். தன் வீட்டுக்கு வரவேண்டிய குழாயைத் தூக்கி வண்டி கழுவுகிறவனுக்குக் கொடுத்துவிட்டு, நாலு வழிச்சாலையில் குடம் தூக்குகிற கவுன்சிலரா?

“அந்தம்மாவுக்குக் கிறுக்கா பிடிச்சிருந்துச்சு?” என்றேன்.

“அதைத்தான் பாக்கப் போறோம். வண்டியை எடு.”

மஞ்சக்கரைப்பட்டி பேரூராட்சியில் பதினைந்து வார்டு. அதில் எட்டுப் பேர் பெண் உறுப்பினர்கள். ஆனால் கூட்டத்துக்கு வருகிற வேட்டிகளை எண்ணினால் பதினைந்து இருக்கும். தலைவர் அறை வாசலில் ஓர் அம்மாவின் பெயர்ப்பலகை தொங்கியது. உள்ளே நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“தலைவர் மீசை வச்சிருக்காங்கக்கா” என்றேன்.

“சத்தம் போடாம வா.”

குடிநீர்ப் பிரிவில் இருந்தவர் இளநிலை உதவியாளர் கோகுல்நாத். முப்பது வயதுக்குள் இருக்கும். நாங்கள் இருபத்தேழாம் நம்பர் என்றதுமே முகம் வெளுத்துவிட்டது. செயல் அலுவலர் இல்லை, கோப்பு இல்லை, சாவி இல்லை என்று வரிசையாக இல்லைப் பாட்டு பாடினார். மேஜைக்கு அடியில் இருந்த அவருடைய சாப்பாட்டுப் பையை அக்கா பார்த்தார். தெற்குமாசி வீதியில் நடந்த ஒரு கல்யாணத்தின் தாம்பூலப் பை அது. மணமக்கள் பெயரைப் படித்ததும் இவரும் தன்னைப் போல் சௌராஷ்டிரக்காரர் என்று தெரிந்துகொண்டு, சட்டென்று தங்கள் வீட்டு மொழியில் ஏதோ கேட்டார். அந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஐந்து நிமிடம் எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. நடுவில் ‘பேயாண்டி’ என்ற பெயர் மட்டும் மூன்று தடவை வந்தது. முடிவில் கோகுல்நாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தார். இல்லாத சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

“எனக்கும் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்கண்ணே” என்றேன்.

அவர் சொன்னார். வீட்டு இணைப்புக்குக் கட்டணம் ஆறாயிரம், கடைக்கு இருபதாயிரம். இந்தத் திட்டத்தில் கடைகளுக்கு இணைப்பே கொடுக்கக் கூடாது. ஆனால் துணைத்தலைவருக்கு மைத்துனன் கடைக்குத் தண்ணீர் வேண்டும்.

“அம்பது பேர்ல செத்துப்போனவங்க பேரு ஏதாவது இருந்தா எடுத்துப் போடுன்னாரு. ஒரே ஒரு பேருதான் அப்படி இருந்துச்சு. பேயாண்டி, வரி விதிப்பு எண் நானூத்திப் பதினேழு. அந்த வீடு பூட்டிக் கெடக்கும்னு நினைச்சேன். நான் மதுரையிலேருந்து பஸ்ல வந்து போறவன். பேயாண்டிங்கிறது கவுன்சிலரம்மாவோட மாமனார்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டு வரியைப் பேர் மாத்தாமலே வச்சிருந்திருக்காங்க. கடிதத்துல நம்பர் மட்டும்தான் அடிச்சோம். துணைத்தலைவர் வாங்கிட்டுப் போயி கையெழுத்தோட கொண்டாந்தாரு. வார்டு உறுப்பினரே ஒத்துக்கிட்டா அப்புறம் நான் என்ன சொல்றது?”

கடிதம் நான்கே வரி. ‘எனது வார்டில் வரி விதிப்பு எண் 417-க்கு உரிய வீட்டில் எவரும் குடியில்லை. அவ்விணைப்பைக் கீழ்க்கண்ட இடத்தில் பொருத்த ஆட்சேபணை இல்லை.’ கீழே மார்ச் 28 என்று தேதி. அழகான, சாய்ந்த கையெழுத்து: மாயக்காள்.

“இது அவங்க கையெழுத்துதானா?” என்று அக்கா கேட்டார்.

“சத்தியமாக்கா. ஆடி மாசம் அவங்களே இங்க வந்தாங்க. டெபாசிட் கட்டி ஒரு வருசமாச்சு, எங்க குழாய் ஏன் வரலைன்னு கேட்டாங்க. அப்பதான் அது அவங்க வீடுன்னு எனக்கே தெரியும். பயந்துபோய் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னாங்க. ‘இது நீங்க போட்டதுதானாம்மா? இல்லைன்னா சொல்லுங்க, இப்பவே மேல எழுதிடுறேன்’னு கேட்டேன். ‘என் கையெழுத்துதேன் தம்பி. மறந்துட்டேன்’னு சொல்லிட்டு, ரசீதை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க.”

கடிதத்தை நான் போனில் படம் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கேஸ் முடிஞ்சுச்சுக்கா. அந்தம்மாவே எழுதிக் குடுத்துட்டு மறந்துருச்சு. அதுலயும் தேதியைப் பாருங்க, மார்ச் இருபத்தெட்டு. பங்குனிப் பொங்கல் வாரம். எங்க ஊர்ப் பக்கம் அந்த வாரம் பொம்பளைக கும்மிதான் கொட்டுவாக, இது கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்திருக்கு.”

அக்கா வண்டியில் ஏறப் போனவர் காலைக் கீழே வைத்தார்.

“சோணைமுத்து வீட்டுல மாலை போட்டிருந்த படத்துல மாயக்காள் தலையில என்னடா இருந்துச்சு?”

“முளைப்பாரி.”

“யாரு வளர்த்த முளைப்பாரி?”

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்.

சோணைமுத்துவுக்குப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். லாரி அடித்த அன்று மாயக்காளுக்குப் பத்தடி பின்னால் குடத்தோடு வந்தவர் அவர்தான். அக்கா கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

“இந்த வருசம் ஊரு முளைப்பாரி அம்புட்டும் அவதேன் வளர்த்தா. அறுபத்து மூணு ஓடு. செவ்வாக்கிழமை விதை போட்டு, மறு புதன்கிழமை தூக்குனோம். எட்டு நாளும் முளைப்பாரி வீட்டுக்குள்ளயேதேன் கெடந்தா. வெயிலு படக் கூடாது, ஆம்பளைக எட்டிப் பாக்கக் கூடாது. நாந்தேன் ஒரு நேரம் பச்சரிசிக் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேன்.”

“நடுவுல ஏதாவது பேப்பர்ல கையெழுத்துப் போட்டாங்களா?”

“அந்த இருட்டுக்குள்ளயா? பேப்பரும் வரலை, பேனாவும் வரலை. தெய்வ காரியம்மா. புருசன் வந்தாக்கூட முகத்தைக் காட்ட மாட்டா.”

போனில் நாட்காட்டியைப் பார்த்தேன். மார்ச் 25 செவ்வாய். ஏப்ரல் 2 புதன். இருபத்தெட்டாம் தேதி நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது.

“கள்ளக் கையெழுத்து!” என்று குதித்தேன். “மாட்டுனான்யா துணைத்தலைவர்!”

அக்கா குதிக்கவில்லை. கண்மாய்க் கரைப் பக்கமாக நடந்துபோய், ஒரு கல்லில் உட்கார்ந்தார். பதினொரு வருடமாக அவரோடு இருக்கிறேன். கேஸ் முடிகிற நேரத்தில் அவர் முகம் இப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை.

“துணைத்தலைவர் போட்டிருந்தா அந்தம்மா ஆபீஸையே ரெண்டாக்கியிருக்கும்டா. கிளார்க் போட்டிருந்தா அவன் சட்டையைப் பிடிச்சிருக்கும். தான் போடாத கையெழுத்து, தன் குழாயைப் பறிச்ச கையெழுத்து. அதைப் பார்த்துட்டு ‘என்னுதுதேன்’னு ஒரு பொம்பளை யாருக்காகச் சொல்லுவா?”

புரிந்ததும் நானும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“இதைச் சொல்லணுமாக்கா? தெரியலைன்னு கைவிரிச்சுட்டுப் போயிருவோமே.”

“நாளைக்கு வேற எவனாவது கேஸ் போட்டு, போலீஸ்காரன் வாயால அந்த ஆளு கேக்குறதுக்கு நாம சொல்றது மேல். இன்னும் நாப்பது வீட்டுக்காரங்க அந்த ரோட்டைத் தாண்டுறாங்க. எந்திரி.”

சோணைமுத்து வீட்டு நடையில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார். பாண்டியம்மாள் டீ கொண்டுவந்தார். முளைப்பாரி விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் சோணைமுத்து எழுந்துவிட்டார்.

“பாத்தீகளா? நான் சொன்னேன்ல! கள்ளக் கையெழுத்துப் போட்டவன் எவனா இருந்தாலும் கம்பி எண்ணணும். அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க தாயி, குரவளையைக் கடிச்சுருதேன்.”

“உக்காருங்கண்ணே” என்றார் அக்கா. “இந்த மூணு வருசமா வார்டுப் பேப்பர்ல எல்லாம் யாரு கையெழுத்துப் போட்டது?”

“எல்லாம் நாந்தேன்.” சொல்லும்போது அந்த மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “கூட்டம், தீர்மானம், சான்று, அம்புட்டும் நாந்தேன் பாத்தேன். அவளுக்கு எதுக்கு அந்தச் செரமம்? அவ கையெழுத்து அவளை விட எனக்கு நல்லா வரும்.”

சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது.

அக்கா கட்டண நோட்டீஸையும் என் போனையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நோட்டீஸில் 417. கடிதத்தில் 417. சாய்ந்த கையெழுத்தைச் சோணைமுத்து குனிந்து பார்த்தார். தன் பிள்ளையை அடையாளம் காட்டச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம்தான் ஆனது.

“இது நான் போட்டது” என்றார். “நானூத்திப் பதினேழு எங்க வீடா? வீட்டு வரி அவதேன் கட்டுவா. எனக்கு நம்பரு தெரியாது தாயி.”

“எங்க வச்சுப் போட்டீங்க?”

“பங்குனிப் பொங்கலுக்கு மைக்செட்டு சொல்லப் போயிருந்தேன். துணைத்தலைவர் காரை நிறுத்துனாரு. ஒரு கத்தைப் பேப்பரு. ‘கவுன்சிலரே, அவசரம்’னாரு. என்னைத்தேன் கவுன்சிலரேன்னு கூப்புடுவாரு. காரு மேல வச்சுப் பத்துப் பன்னெண்டு போட்டேன். ஒண்ணையும் வாசிக்கலை.” அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “வாசிச்சுக் காட்டியிருந்தா அவ சொல்லியிருப்பாள்ல? நம்ம நம்பருன்னு சொல்லியிருப்பாள்ல?”

டீயில் ஆடை கட்டிவிட்டது.

“நம்ம வீட்டுக்குக் கடைசியில குழாய் வந்தாப் போதும்னு ஊரு பூராம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே.” பிறகு பயந்த குரலில் கேட்டார். “தாயி, அவளுக்கு இது தெரியுமா?”

பாண்டியம்மாள்தான் சொன்னார்.

“ஆடி மாசம் ஆபீஸுக்குப் போயிட்டு வந்தாள்ல, அன்னைக்கு இதே இடத்துல உக்காந்துருந்தாண்ணே. கரண்டு பில்லோ என்னமோ, நீங்க கையெழுத்துப் போட்ட ஒரு தாளை மடியில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. குழாய் என்னாச்சுடின்னு கேட்டேன். ‘அத விடு மதினி, கேட்டா மனுசனை செயிலுக்குக் கொண்டுபோயிருவாக’ன்னா. எனக்கு வெளங்கலை. ‘தண்ணிக்கு என்ன, ரோட்டைத் தாண்டுனாக் கெடக்கு’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுக் குடத்தைத் தூக்கிக்கிட்டா.”

சோணைமுத்து அழுததை நான் எழுதப் போவதில்லை. ஒரு மனிதன் அப்படி அழுவதைப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். தூரத்தில் லாரிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சாலையைப் போட்டவனிலிருந்து என் வாய்க்கு வந்த அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டினேன்.

நான் திரும்பி வந்தபோது அக்கா அவருக்கு எதிரே உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நல்லாக் கேட்டுக்கங்கண்ணே. இப்ப ரெண்டு வழி இருக்கு. இதை இத்தோட விட்டா உங்க மேல ஒண்ணும் வராது. மாயக்காளும் ஆபீஸ்ல ‘என் கையெழுத்துதேன்’னு சொல்லி அப்படித்தான் விட்டுட்டுப் போயிருக்காங்க. கலெக்டருக்கு மனுக் குடுத்தா துணைத்தலைவர் மாட்டுவாரு, அந்தக் குழாயும் திரும்ப வரும், மத்த வீட்டு நம்பரையெல்லாம் சரிபார்ப்பாங்க. ஆனா முதல் கேள்வி கையெழுத்து யாருதுன்னு வரும். நீங்கதான் பதில் சொல்லணும். கேஸ் உங்க மேலயும் வரும்.”

“எழுதுங்க” என்றார் சோணைமுத்து.

“ரெண்டு நாள் யோசிச்சுட்டுச் சொல்லுங்க.”

“மூணு வருசமா யோசிக்காமப் போட்டேன் தாயி. இப்ப யோசிச்சுத்தேன் சொல்லுதேன். எழுதுங்க. எம்பேரை முதல்ல போடுங்க. அவ பொய் சொன்னதா எங்கயும் வரக் கூடாது. நான் போட்டேன், நாந்தேன் போட்டேன்னு எழுதுங்க.”

அக்கா எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினார். சோணைமுத்து ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார், ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, முட்டி மேல் தாளை வைத்து, கண்ணீர் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தாளை வாங்கக் கை நீட்டிய நான் அப்படியே நின்றேன்.

சாய்ந்த, அழகான எழுத்தில், ‘மாயக்காள்’ என்று இருந்தது.

அவரும் பார்த்துவிட்டார். அடிப்பதற்காகப் பேனாவைக் கொண்டுபோனார். முனை தாளுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது.

“அவ பேரை எப்புடித் தாயி நான் அடிக்கிறது?” என்றார்.

அக்கா அந்தத் தாளை அவர் மடியிலேயே விட்டுவிட்டு, வேறொரு தாள் எடுத்து முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினார்.